‘சயோனாரா’ திரைப்படம்: பார்வையாளர் தீர்ப்பும் மொழிப் பங்கீடும்

1. முன்னுரை

ஜேம்ஸ் மிச்சனர் 1954இல் வெளியிட்ட ‘சயோனாரா’ என்னும் புதினத்தைத் தழுவி, ஜோஷுவா லோகன் இயக்கத்தில் 1957 டிசம்பரில் அதே பெயரில் ஓர் அமெரிக்கத் திரைப்படம் வெளிவந்தது. கொரியப் போர்க்காலத்தில் ஜப்பானில் தங்கியிருந்த அமெரிக்க விமானப் படையினர் இருவர், ஜப்பானியப் பெண்கள் இருவரைக் காதலிப்பதே இதன் கதை. இப்படம் பத்து ஆஸ்கார் பரிந்துரைகளைப் பெற்று நான்கு விருதுகளை வென்றது.

இதனைக் கண்டோரின் கருத்துகள் வெளியான காலந்தொட்டு இரண்டாகப் பிரிந்தே இருந்துவருகின்றன. இனம் கடந்த திருமணத்தை வெளிப்படையாக ஆதரித்த துணிவான படைப்பு என்பது ஒரு சாரார் கருத்து. ஆசியப் பெண்ணைப் பணிவின் உருவாகவும் ஜப்பானைக் காட்சிப்பொருளாகவும் ஆக்கிய படைப்பு என்பது மறு சாரார் கருத்து. அமெரிக்கத் திரைப்படங்களின் ஆசியக் காதல் கதைகளைக் குறித்து 1993இல் ஜீனா மார்ச்செட்டி எழுதிய நூல் இரண்டாவது வகைத் திறனாய்வுக்குக் கல்வித்துறை வடிவம் தந்தது. ஒரே படத்தைப் பற்றிய இவ்விரு தீர்ப்புகளும் எங்ஙனம் ஒருசேர நிலைபெறுகின்றன என்னும் வினாவுக்குக் கதைமாந்தரின் மொழியில் விடை தேடுவதும், அதனால் தமிழ் மொழிபெயர்ப்பாளர் அறியத்தக்கது யாது எனக் காண்பதும் இக்கட்டுரையின் நோக்கம்.

2. கதையும் காலமும்

லாயிட் க்ரூவர் படைத்தலைவர் ஒருவரின் மகன். புகழ்பெற்ற போர் விமானி. தளபதி வெப்ஸ்டரின் மகள் ஐலீனை மணக்க இருப்பவன். அவனுக்குக் கீழே பணியாற்றும் ஜோ கெல்லி, கட்சுமி என்னும் ஜப்பானியப் பெண்ணை மணக்க முற்படும்போது க்ரூவர் முதலில் தடுக்க முயல்கிறான். பின்னர் அவனே ஹனாஓகி என்னும் புகழ்பெற்ற மேடைக் கலைஞரிடம் மனத்தைப் பறிகொடுக்கிறான். கெல்லி மனைவியை விட்டு நாடு திரும்ப ஆணை பிறக்கிறது. கணவனும் மனைவியும் சேர்ந்து உயிர் துறக்கின்றனர். க்ரூவரும் ஹனாஓகியும் மணந்துகொள்ள முடிவு செய்கின்றனர்.

முதல் சாராரின் பாராட்டை மதிப்பிட, அக்காலச் சட்டநிலையை நினைவிற்கொள்ள வேண்டும். ஜப்பானியர் அமெரிக்காவில் குடியேறுவதை 1924ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டம் தடுத்திருந்தது. படைவீரரின் மனைவியருக்கென இடையில் சில தற்காலிகத் தளர்வுகள் வந்தன. எனினும் இன அடிப்படையிலான தடை 1952ஆம் ஆண்டுச் சட்டத்தால்தான் அகன்றது. இனக்கலப்பு மணத்தை விலக்கும் மாநிலச் சட்டங்களைக் கலிபோர்னியாவின் உச்ச நீதிமன்றம் தன் எல்லைக்குள் 1948இல் செல்லாதவை ஆக்கியது. நாடு முழுவதற்குமான தீர்ப்பு 1967இல்தான் வந்தது. அமெரிக்கத் திரைத்துறையின் தணிக்கை நெறிகள் இனக்கலப்பு உறவைக் காட்டுவதற்கு விதித்திருந்த தடை 1956ஆம் ஆண்டுத் திருத்தத்தில் நீங்கியது. ஆகவே, 1957இல் இத்தகைய ஓர் இணையை மணவாழ்வை நோக்கி அனுப்பிவைத்ததைப் பாராட்டுவோர் மிகைபடக் கூறவில்லை.

3. இரு முடிவுகள்

புதினத்தில் க்ரூவரும் ஹனாஓகியும் பிரிகின்றனர். க்ரூவராக நடித்த மார்லன் பிராண்டோ, முடிவை மாற்ற வேண்டும் என வற்புறுத்தியதாகக் கூறப்படுகிறது. திரைப்படத்தில் அவர்கள் இணைகின்றனர். இம்மாற்றத்தை வணிக நோக்கிலான இனிப்பூட்டல் எனச் சிலர் குறைகூறுவர். இப்படத்திற்கு இதுவே உயிர் எனச் சிலர் போற்றுவர். இரு சாராரும் கதையின் நிகழ்ச்சியையே நோக்குகின்றனர். தலைப்புச் சொல்லுக்கு நேர்ந்த மாற்றம் போதிய கவனம் பெறவில்லை.

புதினத்தில் ‘சயோனாரா’ என்பது காதலர் ஒருவருக்கொருவர் கூறும் பிரிவுச் சொல். படத்தின் இறுதியில் நிலை வேறு. மணமுடிவை ஹனாஓகி செய்தியாளர் முன் அறிவிக்கிறாள். அமெரிக்கப் படை மேலிடமும் ஜப்பானியரும் இதை ஏற்கமாட்டார்களே, அவர்களுக்குச் சொல்ல ஏதேனும் உண்டா எனச் செய்தியாளர் ஒருவர் வினவுகிறார். தாங்கள் ‘சயோனாரா’ சொன்னதாக அவர்களிடம் கூறுமாறு க்ரூவர் மறுமொழி தருகிறான். சொல் மாறவில்லை, சொல்லப்படுவோர் மாறிவிட்டனர். பிரிவாற்றாமையைக் குறித்த சொல், தடுப்போரைப் புறந்தள்ளும் சொல்லாகிறது. ஒரு தொடரின் பொருளை அகராதி மட்டும் வரையறுப்பதில்லை, கூறுவோன், கேட்போன், சூழல் ஆகியவை கூடியே வரையறுக்கின்றன என்னும் பயன்வழிப் பொருண்மையியல் கொள்கைக்கு இதனினும் தெளிந்த சான்று அரிது.

ஆயினும் இன்பமுடிவுக்கான விலையை வேறு இருவர் செலுத்துகின்றனர். புச்சினியின் 1904ஆம் ஆண்டு இசைநாடகமான ‘மடாமா பட்டர்பிளை’ தொட்டு, மேற்கத்தியக் கதைகள் பலவற்றில் இத்தகைய காதலின் முடிவு ஜப்பானியப் பெண்ணின் சாவாகவே இருந்தது. ‘சயோனாரா’ அம்மரபை முற்றிலும் விட்டுவிடவில்லை, இரண்டாகப் பிரித்துக்கொண்டது. சாவு கெல்லி–கட்சுமி இணைக்கும், வாழ்வு க்ரூவர்–ஹனாஓகி இணைக்கும் பங்கிடப்பட்டன. பதவியும் குலப்பெருமையும் உடைய விமானி வாழ்கிறான். அவையற்ற எளிய வீரன் மடிகிறான். கெல்லியாக நடித்த ரெட் பட்டன்ஸும் கட்சுமியாக நடித்த மியோஷி உமேகியும் சிறந்த துணை நடிகருக்கான ஆஸ்கார் விருதுகளைப் பெற்றனர். நடிப்புக்காக ஆஸ்கார் பெற்ற முதல் ஆசியப் பெண் உமேகியே. அடுத்த ஆசிய நடிகை ஒருவர் அவ்விருதைப் பெற 2021 வரை காத்திருக்க நேர்ந்தது.

4. யாருக்கு எம்மொழி?

கதை நிகழ்வது ஜப்பானில். எனினும் காதலின் மொழி ஆங்கிலம். க்ரூவர் ஒருசில சொற்களுக்கு அப்பால் ஜப்பானியம் பேச முற்படுவதில்லை. அவனுடன் உரையாட ஹனாஓகியே அவன் மொழிக்கு வருகிறாள். பாலத்தருகே நாள்தோறும் காத்து நிற்பவனைப் பாராமுகமாகக் கடந்து செல்லும்வரை, அவள் மௌனத்திற்கு ஒரு மறுப்பின் வலிமை உண்டு. அமெரிக்கர்மீது தான் கொண்டிருந்த வெறுப்பைப் பொறுத்தருளுமாறு, போரில் உற்றாரை இழந்த அவளே அவனிடம் வேண்டும் காட்சியில் அவ்வலிமை கரைகிறது. பணிவான பெண் என்னும் வார்ப்பு, உடையாலும் நடையாலும் மட்டும் உருவாவதன்று. யார் யாரிடம், யாருடைய மொழியில், எதற்காகப் பொறுத்தல் வேண்டுகிறார் என்பதாலும் உருவாகிறது.

கட்சுமியின் ஆங்கிலம் குறைவானது. சொற்கள் விட்டு விட்டு வருபவை. கண்ணிமைகளை மேலைநாட்டார்போல் மாற்றிக்கொள்ள அறுவை செய்ய அவள் விழையும் செய்தி, கணவனின் சினத்தின் வழியாகவே முதன்மை பெறுகிறது. தன் விருப்பத்தின் காரணத்தை விரித்துரைக்கத் தேவையான மொழியைப் படம் அவளுக்கு அளிக்கவில்லை. ஜப்பானிலும் கொரியாவிலும் அமெரிக்கப் படையினருக்கும் உள்ளூர் மக்களுக்கும் இடையே அக்காலத்தில் ஒரு தொடர்புமொழி வழங்கிற்று. ‘மூங்கில் ஆங்கிலம்’ என மொழியியலார் குறித்த அக்கலப்புமொழியில், பெண்ணைக் குறிக்கும் ஜப்பானியச் சொல்லான ‘முசுமே’ சிதைந்து ‘மூஸ்’ ஆயிற்று. ‘சிறிதளவு’ எனப் பொருள்படும் ‘சுகோஷி’ என்பதிலிருந்து பிறந்த ‘ஸ்கோஷ்’ இன்றும் அமெரிக்கப் பேச்சில் நிலவுகிறது. இருதரப்பும் வளைந்துகொடுத்த இம்மொழிக்குப் படத்தில் உரிய இடம் இல்லை; வளையும் பொறுப்பு ஒருபாலார்மீதே சுமத்தப்பட்டுள்ளது.

இதற்கு எதிர்நிலையில் நிற்பவன் நாகமுரா என்னும் கபுகி நடிகன். அவனாக நடித்த ரிக்கார்டோ மொண்டல்பான் மெக்சிகோவில் பிறந்தவர். ஜப்பானியப் பெண் பாத்திரங்களுக்கு ஆசிய மரபினரைத் தேடிய தயாரிப்பு, பண்பட்ட ஆங்கிலம் பேசும் ஜப்பானிய ஆடவனுக்கு அவ்வாறு தேடவில்லை. வெள்ளைப் பெண்ணான ஐலீனுக்கும் அவனுக்கும் இடையிலான ஈர்ப்பும் குறிப்பாகவே நின்றுவிடுகிறது. ஆசியப் பெண்–வெள்ளை ஆடவன் இணைக்குத் திறந்த வாயில், ஆசிய ஆடவன்–வெள்ளைப் பெண் இணைக்குத் திறக்கவில்லை. பார்வையாளரின் குறைகூறல்களுள் மறுக்க இயலாதது இதுவே.

க்ரூவரின் ஆங்கிலத்திற்குப் பிராண்டோ அமெரிக்கத் தென்மாநில உச்சரிப்பைத் தந்தார். இழுத்துப் பேசும் அவ்வுச்சரிப்பைச் சலிப்பூட்டுவது என்போர் உளர். ஆனால், இனப்பாகுபாட்டைச் சட்டமாகவே கொண்டிருந்த நிலப்பகுதியின் கிளைமொழி அது. க்ரூவரின் மனமாற்றம் எளிதானதன்று என்பதை வசனத்தினும் முன்னதாக அவன் உச்சரிப்பே அமெரிக்கச் செவிக்கு உணர்த்திவிடும்.

5. மொழிபெயர்ப்பாளர் முன்னுள்ள சிக்கல்கள்

இப்படத்தைத் தமிழாக்க முற்படுவோர் நான்கு இடங்களில் தயங்க நேரும்.

முதலாவது, முன்னிலை. ஆங்கிலம் ஒரே சொல்லால் குறிப்பதைத் தமிழ் ‘நீ’, ‘நீங்கள்’ எனப் பிரிக்கும. க்ரூவர் எக்காட்சியில் ‘நீங்கள்’ என்பதை விட்டு ‘நீ’ என்பதற்கு வருகிறான், ஹனாஓகி அங்ஙனம் வருகிறாளா என்பவற்றை மொழிபெயர்ப்பாளரே முடிவு செய்ய வேண்டும். அவன் ‘நீ’ என்றும் அவள் ‘நீங்கள்’ என்றும் இறுதிவரை பேசுவதாக அமைத்தால், தமிழ்ச் செவிக்கு அது இயல்பாகவே ஒலிக்கும். ஆனால் மூலத்திலுள்ள ஏற்றத்தாழ்வின்மீது தமிழ்க் குடும்பத்தின் ஏற்றத்தாழ்வும் ஏறிவிடும். பிறக்கப்போகும் குழந்தைகள் என்னவாக இருப்பார்கள் என அவள் அஞ்சும் காட்சியில், இனப்பெயர்களாலும் நிறப்பெயர்களாலும் பாதி பாதியாகக் கணக்கிடும் க்ரூவர், கடைசியில் பாதி அவள், பாதி தான் என முடிக்கிறான். இனத்தைக் குறிக்கும் பெயர்ச்சொல் விலகி மூவிடப்பெயர் வந்து நிற்கும் இந்த இடமே படத்தின் உச்சம். அங்கேனும் இருவரும் ‘நீ’ என்னும் ஒரே சொல்லைப் பகிர்ந்துகொள்வது பொருந்தும்.

இரண்டாவது, தன்மைப் பன்மை. இறுதி மறுமொழியில் வரும் பன்மையைத் தமிழில் ‘நாங்கள்’ என்றே கூறவேண்டும். கேட்போரை உளப்படுத்தும் ‘நாம்’ என்பதற்கு அங்கு இடமில்லை. இருவரை ஓர் அணியாகவும் ஏனையோரை வேறாகவும் பிரிக்கும் செயலை ஆங்கிலத்தில் சூழல் செய்கிறது. தமிழில் இலக்கணமே செய்துவிடுகிறது. தமிழ் மூலத்தினும் கூர்மை பெறும் அரிய இடம் இது.

மூன்றாவது, கட்சுமியின் குறைமொழி. அதனைச் செப்பமான தமிழாக்கினால் அவள் நிலை மறைந்துபோகும். கொச்சையாகவோ மழலையாகவோ ஆக்கினால் அரங்கில் சிரிப்பு எழும். சாவை நோக்கிச் செல்பவள் நகைச்சுவைப் பாத்திரம் ஆகிவிடுவாள். பிழையான விகுதிகளைப் புகுத்தாமல், வினைமுற்று நிறைந்த குறுந்தொடர்களாலும் இடைவெளிகளாலும் அவள் பேச்சை அமைப்பதே தக்கது. சொற்பற்றாக்குறை புலப்படும், அறிவுக்குறை எனத் தோன்றாது.

நான்காவது, ‘சயோனாரா’ என்னும் சொல். ‘அவ்வாறாயின்’ எனப் பொருள்படும் தொடரிலிருந்து பிறந்த இச்சொல், நிலைமையை ஏற்றுக்கொண்டு பிரிவதைக் குறிக்கும். அன்றாடப் பிரிவினும் நெடும்பிரிவுக்கே மிகுதியும் உரியது. தமிழரின் ‘போய் வருகிறேன்’ என்பதற்கு ஜப்பானியத்தில் நேரிணை வேறு உண்டு. வீட்டைவிட்டுப் புறப்படுவோர் கூறும் ‘இத்தே கிமாஸ்’ என்பதும் ‘போய் வருகிறேன்’ என்றே பொருள்படும். மீண்டு வருதலை உறுதிகூறும் அத்தொடர் இங்குப் பொருந்தாது. ‘விடை பெறுகிறோம்’ என்பது முற்றிலும் முரணானது. பெறுதல் என்றால் எதிரிலுள்ளோர் இசைவு தரவேண்டும். படம் முழுவதும் மேலதிகாரியின் இசைவுக்காகக் காத்து நின்றவர் கெல்லியும் கட்சுமியும். இசைவை இனிக் கேட்கப்போவதில்லை என்பதே க்ரூவர் கூறும் சொல்லின் உட்பொருள்.

தமிழில் ‘விடை’ என்பது மறுமொழியையும் பிரிவுக்கான இசைவையும் ஒருங்கே குறிக்கும். ஆகவே, ‘அவர்களுக்கு நாங்கள் விடை கொடுத்துவிட்டோம் என்று சொல்லுங்கள்’ என அமைப்பின், செய்தியாளரின் வினாவுக்கு மறுமொழியும் ஆகும். தடுப்போரை வழியனுப்பிவைத்ததும் ஆகும். இழப்பு ஒன்று மட்டும் எஞ்சும். படம் முழுவதும் ஆங்கிலத்தையே எதிர்பார்த்த அமெரிக்கன், உலகுக்கு உரைக்கும் கடைசிச் சொல்லை ஜப்பானியத்தில் உரைக்கிறான். அச்செயலைத் தமிழ்ச்சொல் எதுவும் ஈடுசெய்ய இயலாது. 1966இல் வெளிவந்த ‘லவ் இன் டோக்கியோ’ என்னும் இந்தித் திரைப்படத்தின் பாடலால் இந்தியச் செவிகளுக்குப் பழகிவிட்ட ‘சயோனாரா’வை அவ்விடத்தில் அவ்வாறே நிறுத்துவதே முறை. ‘விடை’யைச் செய்தியாளரின் வினாவுக்குள் கொண்டுசென்றால் இரண்டும் கிட்டும்: அவர்களுக்கு என்ன விடை தருகிறீர்கள் என அவர் கேட்க, ‘சயோனாரா’ என்பதே மறுமொழியாகலாம்.

6. முடிவுரை

‘சயோனாரா’ தன் காதலர்க்கு மணவுரிமையை வழங்கிற்று. மொழியுரிமையைச் சமமாக வழங்கவில்லை. முதலாவதைக் கண்டோர் போற்றினர். இரண்டாவதை உணர்ந்தோர் குறைகூறினர். படத்தின் இருவேறு அடுக்குகளை நோக்கி எழுந்தவையாதலின் இரு தீர்ப்புகளும் ஒன்றையொன்று மறுப்பன அல்ல. புதினம் வெளிவந்த மறு ஆண்டில் மிச்சனர் ஜப்பானிய–அமெரிக்கப் பெண் ஒருவரை மணந்தார் என்பதும், ஹனாஓகியாக நடித்த மீகோ தாகா அமெரிக்காவில் பிறந்து வளர்ந்தவர் என்பதும், திரைக்கு வெளியே அந்த வாழ்வு ஒரே மொழிக்குள் இயல்பாக நடந்துகொண்டிருந்ததை நினைவூட்டும். திரையில் அவ்விருவரும் வெவ்வேறு மொழிக்கரைகளில் நிற்கின்றனர். அக்கரைகளுக்கு இடையிலான தொலைவைத் தமிழில் மறைத்துவிடும் மொழிபெயர்ப்பு முதல் சாராரை மட்டுமே நிறைவு செய்யும். மிகைப்படுத்தும் மொழிபெயர்ப்பு கட்சுமியை மீண்டும் ஒருமுறை ஊமையாக்கும். தொலைவு எவ்வளவோ அவ்வளவே கேட்குமாறு செய்வது மொழிபெயர்ப்பாளரின் கடன்.