கூட்டுவினையும் நம் ஆங்கில எழுத்தும்

ஆங்கில பாஷையில் ஒரு சாதாரண வினைச்சொல்லோடு 'அப்', 'ஆஃப்', 'அவுட்' போன்ற சிறுசொல் ஒன்று வந்து சேர்ந்து, தனித்தனியே அவ்விரண்டிலும் இல்லாத ஒரு புதுப்பொருளைப் பிறப்பிக்கின்ற பிரயோகத்தை 'ஃபிரேஸல் வெர்ப்' என்பார்கள். 1925இல் லோகன் பியர்சால் ஸ்மித்தின் நூல்வழிப் பரவிய அப்பெயர் புதியதேயாயினும், அந்நியர்க்கு ஆங்கிலத்தில் பெருஞ்சிரமம் தருவது இந்தப் பிரயோகமே என்பதைச் சாமுவேல் ஜான்சன் 1755ஆம் ஆண்டிலேயே தம் அகராதியின் முன்னுரையில் குறித்துவிட்டார். இதனை நாம் கூட்டுவினை என்று வழங்குவோம். புதுவையின் மண்ணாடிப்பட்டுக் கொம்யூனில் மனுவாகவும் விடுப்புக் கடிதமாகவும் வேலை விண்ணப்பமாகவும் அன்றாடம் எழுதப்படும் ஆங்கிலத்தில் இக்கூட்டுவினை பெறும் இடம் எத்தகையது என்பதே இங்கு ஆராய்ச்சிக்குரிய விஷயம்.

திருக்கனூரிலிருந்து விண்ணப்பம் எழுதும் மாணவன் தேர்வை ஒத்திவைக்க வேண்டுமானால் 'போஸ்ட்போன்' என்று எழுதுவானேயன்றி 'புட் ஆஃப்' என்று எழுதத் துணியமாட்டான். எளிய சொல் ஏதோ மரியாதைக் குறைவு என்னும் அச்சம் அவனுக்கு உண்டு. அவ்வச்சத்துக்கு இங்கிலாந்திலேயே ஒரு பூர்வகதை இருக்கிறது. 1066இல் நார்மானியர் அந்நாட்டை வென்றபின் அரசவையிலும் நீதிஸ்தலத்திலும் பிரெஞ்சும் லத்தீனும் கோலோச்ச, குடியானவர் நாவில் நின்ற பழஞ்சொற்கள் வீட்டுப் பேச்சின் அளவில் ஒதுங்கின. கூட்டுவினைகள் பெரும்பாலும் அந்தப் பழஞ்சொற்களின் சந்ததியே. புதுவைக்கோ இதற்குமேலும் ஒரு விசேஷக் காரணம் உண்டென்பது என் அபிப்பிராயம். 1954 நவம்பர் 1 வரை இங்கு நடந்தது பிரெஞ்சு நிர்வாகம். மக்கள் பிரதிநிதிகள் வேறு தீர்மானம் செய்யுங்காறும் பிரெஞ்சே ஆட்சிமொழி என்றது 1956ஆம் ஆண்டின் ஒப்பந்தம். தமிழை ஆட்சிமொழியாக்கி ஆங்கிலத்தையும் உடன்வைத்தது 1965ஆம் ஆண்டின் சட்டம். இவ்வாறு பிற்காலத்தில் வந்தமர்ந்த ஆங்கிலத்தில், பிரெஞ்சு பயின்ற குமாஸ்தாக்களுக்கு லத்தீன் வழிவந்த நெடுஞ்சொற்களே அறிமுகமானவையாகத் தோன்றியிருத்தல் இயல்பு.

ஆயினும் வாசலில் தடுக்கப்பட்ட கூட்டுவினை வேறு வழியாக உள்ளே வந்திருக்கிறது. அலுவலகக் கோப்பு 'புட் அப்' செய்யப்படுகிறது. விளக்கம் 'கால் ஃபார்' செய்யப்படுகிறது. மாற்றலாகும் உத்தியோகஸ்தர் பொறுப்பை 'ஹேண்ட் ஓவர்' செய்கிறார். திருபுவனைத் தொழிற்பேட்டையில் இயந்திரம் 'பிரேக்டவுன்' ஆகிறது. ஆலை 'ஷட்டவுன்' ஆகிறது. ஆங்கிலம் எழுத அஞ்சுகிறவர்கூடக் கைப்பேசியில் 'லாக் இன்' செய்கிறார். பேச்சில் இத்தனை சரளமாகப் புழங்கும் ஒன்றைக் கடிதத்தில் மட்டும் விலக்கிவைப்பது நியாயமாகாது.

இதன் குணம் தெளிவானது. சொல் சிறியது, பொருள் கூரியது, வாசிப்பவனை வருத்தாதது. 1948இல் பிரிட்டிஷ் அரசு ஊழியருக்கென்றே 'பிளெயின் வேர்ட்ஸ்' என்னும் நூலை எழுதிய எர்னஸ்ட் கவர்ஸ் வற்புறுத்தியது இந்த எளிமையைத்தான். குறையும் சிறியதன்று. 'டர்ன் டவுன்' என்றால் விண்ணப்பத்தை நிராகரித்தலும் ஆகும், வானொலியின் ஓசையைக் குறைத்தலும் ஆகும். ஆதலால் கிரயப் பத்திரத்திலோ ஒப்பந்தத்திலோ இத்தகைய சொல்லை நான் ஒருபோதும் சிபாரிசு செய்யேன். அன்றியும், சிறுசொல் எங்கே வேண்டும், எங்கே வேண்டாம் என்ற தெளிவின்மையால் 'கோப்' என்பதோடு வீணே 'அப்' சேர்ந்து 'கோப் அப்' ஆகிறது. 'ரிட்டர்ன்' என்பதோடு அவசியமின்றி 'பேக்' சேர்கிறது. இந்தியா முழுவதும் பரவிய இப்பிழைகள், கூட்டுவினை அட்டவணையை உருப்போட்டுப் படித்ததன் பலன்.

அட்டவணையைத் தேடிப்போகவேண்டிய தேவையே தமிழ்ப் பிள்ளைக்குக் குறைவு. குழந்தையைப் பார் என்றால் கண்ணால் காண்பது. குழந்தையைப் பார்த்துக்கொள் என்றாலோ காவலும் போஷணையும் அதில் அடங்கிவிடுகின்றன. 'லுக்' என்பதோடு 'ஆஃப்டர்' சேர்த்து ஆங்கிலேயன் செய்த வேலையை நாம் 'கொள்' என்னும் துணைவினையால் செய்து முடிக்கிறோம். சாப்பிடு என்பதற்கும் சாப்பிட்டுவிடு என்பதற்கும் உள்ள வேற்றுமைதான் 'ஈட்' என்பதற்கும் 'ஈட் அப்' என்பதற்கும் உள்ளது. எழுதிவை என்பது ஏறக்குறைய 'ரைட் டவுன்'. பொறுத்துக்கொள் என்பது 'புட் அப் வித்'. விட்டுவிடு என்பது 'கிவ் அப்'. எழுதிக்கொள், எழுதிக்கொடு, எழுதித்தள்ளு என்று ஒரே வினையை எத்தனை சாயல்களில் நம் ஊர்ப் பாட்டிமார் சிரமமின்றி ஆள்கிறார்கள்! இந்தச் செல்வம் ஆங்கில வகுப்பில் ஒருமுறையேனும் எடுத்துக்காட்டப்படாதது எனக்குப் பெருங்குறையாகப் படுகிறது.

ஒப்புமை முற்றும் பொருந்துமென்று சொல்லவில்லை. நம் துணைவினையும் ஒரு வினையே; பொருளும் பெரும்பாலும் ஊகிக்கக் கூடியதே. 'கிவ்', 'அப்' என்னும் இரண்டையும் அறிந்தவனுக்கோ அவை சேர்ந்து கைவிடுதலைக் குறிக்கும் என்று தோன்றாது. விளக்கை அணைத்தலைச் சொல்லும் 'புட் அவுட்' என்பதில், 'புட்' என்பதற்கும் 'அவுட்' என்பதற்கும் நடுவே விளக்கு வந்து அமரலாம். 'அணைத்து' என்பதற்கும் 'விடு' என்பதற்கும் நடுவே நாம் எந்தப் பெயர்ச்சொல்லையும் புகவிடுவதில்லை. அந்த வேறுபாடுகள் படித்துப் படித்தே பழகவேண்டியவை.

2023-24 கல்வியாண்டு முதல் புதுவை அரசுப் பள்ளிகளின் மேல்வகுப்புகளிலும் மத்திய வாரியப் (சி.பி.எஸ்.இ.) பாடத்திட்டம் புகுந்து, ஆங்கிலத்தின் பாரம் கிராமப் பிள்ளைகள்மீது மேலும் ஏறியிருக்கும் இவ்வேளையில், திருக்கனூரிலும் திருபுவனையிலும் கற்பிக்கும் ஆசிரியப் பெருமக்களுக்கு என் விண்ணப்பம் ஒன்றுண்டு: கூட்டுவினைப் பாடத்தைத் தொடங்கும் நாளில் பட்டியலை மூடிவைத்துவிட்டு, 'பார்த்துக்கொள்', 'விட்டுவிடு' என்று பிள்ளைகள் வீட்டில் பேசும் சொற்களை முதலில் கரும்பலகையில் எழுதுங்கள்.