வெறியாட்டும் வீட்டாரும்

2004 டிசம்பரில் ஆழிப்பேரலை மாமல்லபுரத்துக் கரையை அரித்துச் சென்றது. அடுத்த ஆண்டே, அருகிலுள்ள சாளுவன்குப்பத்தில், செங்கல்லால் எழுப்பிய பழைய முருகன் கோயில் ஒன்றைத் தொல்லியல் துறையினர் அகழ்ந்தெடுத்தனர். கல்லில் ஒரு வேலும், மகளிர் குரவையாடும் சுடுமண் சிற்பமும் அங்கே கிடைத்தன. அன்றைய தமிழன் முருகனை வணங்கினான், மறுப்பாரில்லை. ஆனால், அதைக் காட்டி அகப்பாட்டில் முருகன் பெயர் வரும் இடமெல்லாம் பக்தி என்று சாதிக்க வருவோரை, வெறியாட்டுப் பாடல்களைப் படித்துவிட்டு வரும்படி வேண்டுகிறோம்.

களவுக் காதலில் தலைவன் வரவு தடைப்படுகிறது. தலைவி மெலிகிறாள், வளை கழல்கிறது, பசலை படர்கிறது. பதறிய தாய் கட்டுவிச்சியைக் கேட்கிறாள். முருகன் அணங்கினான் என்று முடிவாகிறது. வேலன் வருகிறான், களம் அமைகிறது, ஆட்டுக்குட்டி அறுபடுகிறது.

ஒரே வீட்டில் இருக்கும் மகளைத் தாய் ஏன் கேட்கவில்லை? கேட்டால் விடையாக ஓர் ஆண்மகன் பெயர் வந்துவிடுமே! தெய்வத்தின்மேல் பழி போட்டால் குடிப்பெருமை தப்பும். தப்பாதது குட்டியின் கழுத்து. மகளுக்கு என்று ஒரு மனம் உண்டு, அது ஒருவனைத் தானே தேர்ந்தது என்ற உண்மைதான் அவ்வீட்டாருக்குப் பேயினும் பெரிய அச்சம்.

புலவர் யார் பக்கம் நிற்கிறார்? குறுந்தொகை 362-ஆம் பாட்டில் தோழி வேலனையே மடக்குகிறாள்: இவளை வருத்தியது மலைநாடன் மார்பு, நீ இடும் பலியை அம்மார்பும் உண்ணுமோ என்கிறாள். நற்றிணை 34-இல் அவள் முருகனையே நேர்நின்று பேசுகிறாள். இந்நோய் தன்னால் வந்ததன்று என அறிந்தும், வேலன் அழைத்தான் என்று களத்துக்கு வந்துவிட்ட நீ, கடவுளே ஆனாலும் அறிவிலி என்கிறாள். இது நாத்திகம் அன்று. அப்படிச் சொல்லி நாம் கைதட்டு வாங்க விரும்பவில்லை. கடவுள் இருக்கட்டும், காரணம் அவரல்லர் என்பதே தோழியின் வழக்கு. அந்தத் துணிவே நமக்குப் போதும்.

வகுப்பிலே இதனைச் செய்யுள் மரபு என்று ஒரு வரியில் கடந்துவிடுகிறோம். சோர்ந்து கிடக்கும் பெண்ணுக்கு வேப்பிலை அடிக்கும் வீடுகளோ இன்னும் ஒழிந்தபாடில்லை.

வெறிபாடிய காமக்கண்ணியார் என்று பெயரிலேயே வெறியாட்டைத் தாங்கிய புலவரின் பாட்டு அகநானூற்றில் 22-ஆவது. வெறிக்களம் ஆரவாரித்த அந்த இரவிலேயே, காவலர் கண்ணுக்குத் தப்பித் தலைவன் வந்துவிடுகிறான். தலைவி உயிர் தளிர்க்கிறாள். மறுநாள் ஊரார் வேலனைப் புகழ்ந்திருப்பார்கள். அவளோ, தொடர்பே இல்லாத வேலனுக்காகவா மெலிந்தோம் என்று எண்ணிச் சிரித்தாளாம்.