பந்தியும் சாட்சியும்: ‘சாதியும் நானும்’ நூலை முன்வைத்து

சேலத்திலிருந்து நாமக்கல் செல்லும் நெடுஞ்சாலையில் புதுச்சத்திரம் என்னும் ஊர் உள்ளது. சத்திரம் என்ற சொல், வழிப்போக்கர்க்குச் சோறும் நிழலும் அளித்த பழைய அறத்தை நினைவூட்டுவது. ஆயினும் தமிழகத்துச் சத்திரங்கள் பலவற்றில் பந்தி சாதிவாரியாகவே பிரிந்து கிடந்தது என்பதும் வரலாறு. சோறு உண்டு, உடன் அமர்தல் இல்லை. இம்முரணை மனத்திற்கொண்டே, இவ்வூரை அடுத்த நாமக்கல்லில் உருவான நூல் ஒன்றை நாம் அணுகுகிறோம்.

பெருமாள்முருகன் தொகுத்த ‘சாதியும் நானும்’ 2013இல் காலச்சுவடு வெளியீடாக வந்தது. நாமக்கல் அரசு கலைக் கல்லூரியில் ஆசிரியராக இருந்த அவர், மாணவரோடும் நண்பரோடும் நடத்திவந்த ‘கூடு’ ஆய்வுச் சந்திப்பின் விளைவு இது. 32 அனுபவக் கட்டுரைகள் இதில் உள்ளன. சி. எஸ். லட்சுமி இதனை ஆங்கிலத்தில் பெயர்த்தபோது, கொட்டாங்கச்சியில் ஊற்றப்பட்ட வரக்காப்பியே தலைப்பாயிற்று.

அறிஞர் பலர் சாதியை ‘அது’ என்று சுட்டி ஆராய்வர். இந்நூல் ‘நானும்’ என்கிறது. இதுவே இதன் தலையாய சிறப்பு. வெவ்வேறு சாதிகளில் பிறந்தோர் தம் வீட்டையும் தெருவையும் பற்றித் தாமே பேசுகின்றனர். நம் ஆராதனையின் பொதுப் பாவ அறிக்கையில், ‘நாங்கள்’ என்னும் சொல்லின் பின்னே ‘நான்’ ஒளிந்துகொள்வது எளிது. ‘நாம்’ என்றே எழுதிப் பழகிய இவ்விமரிசனத்திற்கும் அக்குற்றம் பொருந்தும்.

எனினும் அனுபவக் கட்டுரை என்னும் வடிவத்திற்கு ஓர் எல்லை உண்டு. நேர்ந்தது என்ன என்பதை அது காட்டும். நிலம் யாருடையது, கூலி யார் கையில் என்னும் வினாக்களுக்கு அதுவே விடையாகாது. இன்று தேநீர்க் கடைகளில் காகிதக் குவளை வந்துவிட்டது; குவளை ஒன்றானதால் உறவு ஒன்றாகிவிடவில்லை. அறிஞரின் ஆய்வும் களப்பணியாளரின் போராட்டமும் இங்கேதான் தேவைப்படுகின்றன.

நூல் வெளிவந்தபின் நிகழ்ந்தவற்றையும் மறத்தலாகாது. 2015 சனவரியில், ‘மாதொருபாகன்’ நாவலுக்கு எழுந்த எதிர்ப்பினால், தொகுப்பாசிரியரே எழுத்தைத் துறப்பதாக அறிவித்தார். 2016 சூலையில்தான் சென்னை உயர்நீதிமன்றத் தீர்ப்பு அவருக்கு ஆதரவாக வந்தது. 2015 சூனில் திருச்செங்கோட்டுக் கோயிலிலிருந்து கடத்தப்பட்ட கோகுல்ராஜ் என்னும் தலித் இளைஞர் கொல்லப்பட்டார். அவ்வழக்கில் சாட்சிகள் பலர் பிறழ்ந்தனர். கோயிலின் கண்காணிப்புக் கேமராப் பதிவு முக்கியச் சான்றாயிற்று. 2022இல் மதுரைச் சிறப்பு நீதிமன்றம் ஆயுள் தண்டனை விதித்தது. மனிதர் வாய் திறவாத இடத்தில் கருவி சாட்சி பகர்ந்தது. ‘சாட்சி’ என்னும் சொல்லை நாள்தோறும் உச்சரிக்கும் நமக்கு இது சிறு செய்தியன்று. பேச்சினால் பயன் யாது என்போர்க்கு விடையும் இதுவே: பேசிப் பழகாத ஊரில் சாட்சிகள் தோன்றார்.

திருச்சபை இதற்குப் புறம்பானதன்று. சபையில் சாதி வேற்றுமையைக் கைவிடுமாறு பேராயர் டேனியல் வில்சன் 1833இல் வலியுறுத்தினார். அதன் பின்னும் தனி இருக்கையும் தனிக் கல்லறையும் பல இடங்களில் நீடித்தன. அந்தியோகியாவில் புறவினத்தாரோடு உண்டுகொண்டிருந்த பேதுரு, சிலர் வந்ததும் பந்தியைவிட்டு விலகினார். பவுல் அதனை நடத்தைப் பிழையாக மட்டும் கொள்ளாமல் நற்செய்திக்கு முரணெனக் கண்டித்தார். மதுரையில் இறையியல் கற்பித்த தியோபிலஸ் அப்பாவு, ‘ஒரே உலை’ என்னும் நாட்டார் வழக்கைத் திருவிருந்தின் பொருளாக வற்புறுத்தியதும் இவ்வழியிலேயே.

ஆகவே இந்நூலைப் படித்துப் பாராட்டுவதோடு அமைதல் போதாது. போதகரும் மாணவரும் தத்தம் சபையைப் பற்றி இவ்வாறு ஒரு கட்டுரை எழுதிப் பார்ப்பாராக. எழுத இயலாமல் எவ்விடத்தில் கை நிற்கிறதோ, அவ்விடத்திலேயே நம் மனந்திரும்புதல் தொடங்க வேண்டும்.