மெயின்ஃபிரேம் படிக்க சென்னைக்கு ரயில் ஏறணுமா?

தென்காசி, குற்றாலம் பக்கத்துப் பையன்கள் இரண்டு மூன்று பேர் இந்த வருஷம் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். மெயின்ஃபிரேம் படிக்கணும்னா எங்கே ஆரம்பிப்பது? ‘பொதிகை எக்ஸ்பிரஸ் ஏறிச் சென்னைக்குப் போ, ஏதாவது இன்ஸ்டிட்யூட்டில் சேரு’ என்பதுதான் வழக்கமான பதில். கட்டணம், ஹாஸ்டல் செலவு எல்லாம் சேர்ந்தால் பல வீடுகளில் நகை அடகுக்குப் போகும். ஜோஹோ 2011-லிருந்தே மத்தளம்பாறையில் இருக்கிறது. ஊரில் உட்கார்ந்து மென்பொருள் எழுதலாம் என்றால், மெயின்ஃபிரேம் படிக்க மட்டும் ஏன் ரயில் ஏறணும்? இலவசமாகக் கிடைப்பவற்றை வரிசையாகப் பார்த்தேன். அந்தக் குறிப்புகள் இவை.

முதலில், படிக்கும் அளவுக்கு இதில் என்ன இருக்கிறது என்பவர்களுக்கு: இசட்/ஓஎஸ் 2001-ல் வந்தது. அதன் வேர் 1964-ல் ஐபிஎம் அறிவித்த சிஸ்டம்/360 வரை போகிறது. வங்கி, காப்பீடு, அரசு என்று பெரிய கணக்குகள் இன்றும் அதன்மேல் ஓடுகின்றன. 2020 ஏப்ரலில், கொரோனா நெருக்கடிக்கு நடுவே, கோபோல் தெரிந்த தன்னார்வலர்கள் வேண்டும் என்று அமெரிக்காவின் நியூ ஜெர்சி ஆளுநர் கேட்டது பலருக்கு நினைவிருக்கும்.

ரெட்புக். ஐபிஎம் இலவசமாகத் தரும் ‘இன்ட்ரொடக்ஷன் டு த நியூ மெயின்ஃபிரேம்: இசட்/ஓஎஸ் பேசிக்ஸ்’. 700 பக்கங்களுக்கு மேல். சும்மா சொல்லக்கூடாது, நல்ல புத்தகம். கட்டளைக்கு முன்னால் காரணத்தைச் சொல்கிறது. ஆனா பயிற்சிகளைச் செய்ய ஒரு மெயின்ஃபிரேம் கைக்கு எட்டும் தூரத்தில் இருப்பதாக நினைத்துக்கொள்கிறது. தென்காசிக் கல்லூரி மாணவனுக்கு அது கார் இல்லாமல் டிரைவிங் புத்தகம் படிக்கிற மாதிரிதான்.

ஹெர்குலிஸ். சாதாரண லேப்டாப்பை மெயின்ஃபிரேமாக நடிக்க வைக்கும் மென்பொருள். அதன்மேல் பழைய எம்விஎஸ் 3.8 ஜே ஓடும். ‘டிகே4-’ என்ற தொகுப்பை இறக்கினால் எல்லாம் தயாராக இருக்கும். இயந்திரத்தை எழுப்புவதும் நாமே, கவிழ்ப்பதும் நாமே. அந்தச் சுதந்திரம் வேறெங்கும் கிடைக்காது. குறை என்னன்னா, அதிலுள்ள கோபோல் ரொம்பப் பழசு, ‘எண்ட்-இஃப்’ கூடக் கிடையாது. ஐபிஎம்மின் டிபி2-வும் இல்லை. இதை மட்டும் படித்துவிட்டு வேலைக்குப் போனால் பாதி ஊர் புதுசாகத் தெரியும்.

இசட் எக்ஸ்ப்ளோர். ‘மாஸ்டர் த மெயின்ஃபிரேம்’ போட்டியின் வாரிசு. இலவசம். உண்மையான இசட்/ஓஎஸ் மேலேயே வேலை செய்யலாம். விஎஸ் கோட் வழியாக உள்ளே போவதால் முதல் நாள் மிரட்சி இல்லை. என் பெரிய புகாரும் இதன்மேல்தான். இப்படிச் செய், அப்படிச் செய் என்று கையைப் பிடித்துக் கூட்டிப்போய், சரிபார்த்து, பேட்ஜ் கொடுத்துவிடுகிறது. எதையும் உடைக்க விடுவதில்லை. வேலையில் முதலில் எதிர்ப்படுவதோ உடைந்த ஜாப்தான். எண் இருக்க வேண்டிய இடத்தில் வேறு ஏதோ உட்கார்ந்திருக்க, அதை வைத்துக் கணக்குப் போடப்போய் ‘எஸ்0சி7’ என்று செத்துக் கிடக்கும். அதைப் படிக்கத் தெரியாத பேட்ஜால் என்ன பயன்?

மூன்றுக்கும் பொதுவான குறை மொழி. ஆங்கிலம் தெரியாது என்பதல்ல பிரச்சினை. உவமைகள் நம் ஊருடையவை அல்ல. ஜெஸ்2 என்ன செய்கிறது? சீசனில் மெயின் அருவியைப் பாருங்க. கூட்டத்தை வரிசையில் நிறுத்தி, ஆண்களுக்கு ஒரு பக்கம், பெண்களுக்கு ஒரு பக்கம் என்று பிரிக்கிறார்கள். அதுதான் ஜாப் கிளாஸ். ஒரே நேரத்தில் அருவியடியில் நிற்க எத்தனை இடமோ, அத்தனை இனிஷியேட்டர். ஒருவர் வெளியே வந்தால்தான் அடுத்தவர் உள்ளே. வெள்ளம் வந்து குளிக்கத் தடை போட்டால், வரிசை அப்படியே நிற்கும். அது ஹோல்ட். இதைச் சொன்னதும் ஒரு பையன், ‘அப்போ ப்ரையாரிட்டின்னா விஐபி பாஸா?’ என்று கேட்டான். ஏறக்குறைய அதேதான்.

இன்னொன்று. ஜேசிஎல்-லில் ‘காண்ட்’ என்று ஓர் அளவுரு. ‘4, எல்டி’ என்று எழுதினால், 4 என்பது முந்தைய படியின் ரிட்டர்ன் கோடைவிடச் சின்னதா என்று பார்த்து, ஆமாம் என்றால் இந்தப் படியை விட்டுவிடும். எப்போது ஓடணும் என்று சொல்லாமல் எப்போது ஓடக்கூடாது என்று சொல்வதால், படிக்கிறவன் தலைகீழாகப் புரிந்துகொள்கிறான். தமிழில் ‘4-ஐ விடப் பெரிய கோடு வந்தால் தாண்டிப் போ’ என்று ஒரே வரியில் முடிந்துவிடும்.

கணியம் ‘எளிய தமிழில்’ என்று மைஎஸ்க்யூஎல் முதலியவற்றுக்குப் புத்தகம் போட்டது. ஜேசிஎல்-லுக்கும் அப்படி ஒன்று வந்தால், இந்தக் கட்டுரைக்கு அவசியமே இருக்காது.

அதுவரை என் வரிசை இது: இசட் எக்ஸ்ப்ளோரில் பயத்தைப் போக்கிக்கொள்ளுங்க. கூடவே ரெட்புக்கில் அதே அத்தியாயத்தைப் படிங்க. பிறகு ஹெர்குலிஸில் வேண்டுமென்றே தப்பாக ஜாப் அனுப்பி, அது ஏன் செத்தது என்று நோட்டில் எழுதுங்க. அந்த நோட்டு நிறைந்த பிறகும் இன்ஸ்டிட்யூட் வேண்டும் என்று தோன்றினால் மட்டும் ரயிலுக்கு டிக்கெட் போடுங்க. நகையை அடகு வைக்கும் முன் இந்த மூன்று மாத உழைப்பைப் போட்டுப் பார்க்கலாம், காசு செலவில்லை.