நலிந்த பின்னரே நல்குவதா?

'கலை வளர்க்கிறோம்' என்று ஆட்சியாளர் முழங்கும்போதெல்லாம், எக்கலையை, எவர் கலையை என்று கேட்பது நம் வழக்கம். அதற்காக நம்மைக் கலைப்பகைவர் என ஏசுவோர் ஏசட்டும். நாம் ஏட்டைப் புரட்டுவோம்.

1954-இல் சென்னை மாநில அரசு நாடக நிகழ்ச்சிகள் சட்டம் கொணர்ந்தது. எம்.ஆர். இராதா மேடையில் எழுப்பிய பகுத்தறிவு வினாக்களுக்கு விடையளிக்க இயலாதோர் கண்டுபிடித்த விடை அது! அடுத்த ஆண்டே, 1955-இல், சங்கீத நாடகச் சங்கம் தோற்றுவிக்கப்பட்டது. ஒரு கையில் விலங்கு. மறு கையில் விருது! சங்கம் 1973-இல் தமிழ்நாடு இயல் இசை நாடக மன்றம் எனத் தமிழ்ப்பெயர் பூண்டது. விலங்கோ அப்படியே கிடந்தது. உயர்நீதிமன்றம் அச்சட்டம் செல்லாதென்றது 2013-இல்தான். 1967-க்குப் பின் நம்மவர் ஆண்ட ஆண்டுகளும் அவ்விடைக்காலத்தில் அடங்கும். அதை மறைக்க நாம் விரும்பவில்லை.

விருது வழங்கும் முறையாவது சீரானதா? 2011 முதல் 2018 வரை எட்டு ஆண்டுகளுக்குரிய கலைமாமணி விருதுகளை 2019-இல் ஒருசேர அறிவித்தனர், 201 பேர்! எட்டாண்டு நிலுவையை வட்டியின்றித் தீர்த்த கடன்காரரைப் போல.

திங்கள்தோறும் உதவித்தொகை உண்டே என்பர். உண்டு, ஆனால் 'நலிந்த கலைஞர்' என்ற பெயரிலன்றோ அது தரப்படுகிறது! விடிய விடியக் கூத்தாடிய கால் ஓய்ந்து, குரல் தேய்ந்து, நலிந்தேன் என்று சான்று காட்டி நிற்கவேண்டும். ஆடும் காலத்தில் அவனுக்கு என்ன செய்தோம்?

'கலை தன் காலில் நிற்கட்டும், அரசுப் பணம் எதற்கு' என்போரும் உளர். அன்று அரண்மனையும் கோயிலும் சமீனும் தாங்கிய கலைகள் எவை, தெருவில் விடப்பட்டவை எவை என்பதை அவர்கள் எண்ணிப் பார்க்கட்டும். பறையைத் தாங்கியவர் யார்? சாவு வீட்டில் அடிக்க வைத்து, சாதியின் அடையாளமாக்கி, வாசலுக்கு வெளியே நிறுத்தியதன்றி வேறென்ன செய்தது சமுதாயம்? 2025-இல் பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ கிட்டியது கண்டு மகிழ்ந்தோம். ஊர்த்தெருவில் பறையடிப்பவரை இன்றும் 'டேய்' என்றழைக்கும் வாய்களை அவ்விருது மூடிவிடவில்லை.

கூத்துக்காரர் வாங்கும் தீப்பெட்டியிலும் வரி உண்டு. அவருக்குத் தருவது அவர் பணம், கொடையன்று. ஆகவே கேட்கிறோம்: யாருக்கு, எக்காரணத்தால் என்ற பட்டியல் ஆண்டுதோறும் உரிய நாளில் வெளிவரட்டும். தேர்வுக்குழுவில் சபா மேடையினருக்குச் சமமாகத் தெருக்கூத்தினரும் பறையிசைப்போரும் அமரட்டும். உதவித்தொகை விண்ணப்பத்திலிருந்து 'நலிந்த' என்னும் சொல்லை முதலில் அடித்துவிடட்டும்.