ஓய்வு கலைந்த ஜீப்

கம்பம் மெட்டு, போடி மெட்டு மலைப்பாதைகளில் ஏலத் தோட்டத் தொழிலாளர்களை ஏற்றிக்கொண்டு நித்தமும் இடுக்கி மலைகளுக்குச் சென்று திரும்பும் ஜீப்புகளைத் தேனி வட்டாரத்தில் அறியாதவர் இல்லை. அவற்றுள் பிரெஞ்சு நாட்டுப் பேஜோ நிறுவனத்தின் வடிவமைப்பில் அமைந்த 2,112 சி.சி. டீசல் எஞ்சின் பொருந்திய மஹிந்திரா எம்.எம். 540 ஒன்று, வருஷக்கணக்காகக் கொட்டகையில் கிடந்தபின் மறுபடி உயிர்பெறுவதைப் பார்ப்பது விசேஷமான ஆனந்தம்.

அந்த ஆனந்தத்திற்கு முதற்காரணம் மெக்கானிக்கின் நிதானம். டாங்கின் அடியில் தேங்கிய நீரையும், நீரும் டீசலும் சந்திக்குமிடத்தில் நுண்ணுயிர்கள் வளர்ந்து படிந்த கசட்டையும் வடித்து, ஃபில்டரையும் எஞ்சின் ஆயிலையும் புதுப்பித்து, சிலிண்டருக்குள் சிறிது எண்ணெய் விட்டு, எஞ்சினைக் கையால் சுற்றி, பிஸ்டன் தடையின்றி அசைகிறது என்று நிச்சயித்துக்கொண்ட பிறகே அவர் அடுத்த காரியத்தில் இறங்குகிறார்.

அது ஏர் எடுப்பது, அதாவது டீசல் குழாயில் புகுந்த காற்றை வெளியேற்றுவது. டீசல் எஞ்சினில் தீப்பொறிக்கு வேலையில்லை. ஏறக்குறைய இருபதில் ஒரு பங்காக நெருக்கப்பட்டுக் கொதிக்கும் காற்றில் தூவப்படுவதாலேயே டீசல் பற்றிக்கொள்கிறதாகையால், குழாயில் ஒரு காற்றுக்குமிழி நின்றாலும், அது அமுங்கிக் கொடுத்து, டீசலைத் தூவும் நாசிலைத் திறக்க வேண்டிய அழுத்தத்தை விழுங்கிவிடுகிறது. ஆகவே கைப்பம்பை அழுத்தி, திருகைத் தளர்த்தி, நுரை அடங்கிச் சுத்தமான டீசல் ஒழுகும்வரை பொறுமையோடு காத்திருக்கிறார்.

பிறகு ஹீட்டர் சூடேற, வெண்புகை எழுந்து மெல்ல மெலிய, எஞ்சின் சீராக ஓடுகிறது. பழையதைக் கழித்துவிடுவதே நாகரிகம் என்றெண்ணும் காலத்தில், காரணமறிந்து, வரிசை பிறழாது, ஒரு யந்திரத்துக்கு மறுவாழ்வு அளிக்கும் இந்தச் சிரத்தையை உயர்ந்த வித்தை என்றே போற்ற வேண்டும்.