கன மார்க்கமும் கிட்டாரும்: பெரம்பலூர், அரியலூர்ச் சீமையின் வாத்தியக் குழுக்கள்

மேல்நாட்டு ராக் இசைக் குழுக்களைத் தலைமுறை வாரியாக ஒப்பிடுகிறவர்கள் பெரும்பாலும் யார் பெரியவர், யாருடைய இசைத்தட்டு அதிகம் விற்றது என்ற தர்க்கத்திலேயே நின்றுவிடுகிறார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது வேறொரு கேள்வி: ஒரு குழு தனக்கு முந்தியவர்களிடமிருந்து எதை வாங்கிக்கொண்டது, வாங்கியதைத் தன் ஊர்ப் பேச்சுக்கும் தன் ஜனங்களின் வாழ்வுக்கும் எவ்வளவு தூரம் வசப்படுத்திற்று என்பது. லிவர்பூல் துறைமுக நகரத்துப் பீட்டில்ஸ் குழுவினர் 1963-இல் வெளியிட்ட முதல் தொகுப்பில் இருந்த 14 பாடல்களில் 6 பிறருடையவை. நான்கே ஆண்டுகள் கழித்து 1967-இல் வந்த 'சார்ஜெண்ட் பெப்பர்' தொகுப்பில் இரவல் பாட்டு ஒன்றுகூட இல்லை. ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவினரோ மடி வாட்டர்ஸ் என்னும் கறுப்பினப் பாடகரின் பாட்டொன்றிலிருந்து தங்கள் பெயரையே எடுத்துக்கொண்டு, அவர் வழியில் பாடிப் பழகி, அதன் பிறகே தங்கள் குரலைக் கண்டடைந்தார்கள். கடன் வாங்காத கலைஞன் இல்லை. வாங்கியதை அப்படியே திருப்பிச் சொன்ன குழுக்கள் மறைந்துபோயின என்பதும், அதைத் தம் வாழ்வோடு கலந்தவர்களுக்கே சந்ததி உண்டாயிற்று என்பதும் அந்தச் சரித்திரத்தை ஊன்றிப் படிப்பவர்களுக்குப் புலனாகும்.

இந்த அளவுகோலைக் கொண்டு, பழைய திருச்சிராப்பள்ளி ஜில்லாவின் வடகிழக்குப் பாகமாக இருந்து, 1995-இல் பெரம்பலூர் மாவட்டமாகவும், அதிலிருந்து 2007-இல் அரியலூர் மாவட்டமாகவும் பிரிந்த வானம் பார்த்த பூமியை நோக்கினால் என்ன தெரிகிறது? தஞ்சைக்குக் கிடைத்த அளவு காவேரிப் பாசனம் இதற்குக் கிடைக்கவில்லை. கரிசலும், செம்மண்ணும், பூமிக்கடியில் சுண்ணாம்புக்கல்லுமாகக் கிடக்கும் இந்தப் பிரதேசத்துக்குச் சங்கீத சரித்திரத்தில் இடமில்லை என்று நினைப்பவர்கள் டாக்டர் உ. வே. சாமிநாதையர் எழுதிய கனம் கிருஷ்ணையர் சரித்திரத்தைப் படித்துப் பார்க்கவேண்டும். அரியலூருக்கு அருகே பெரிய திருக்குன்றத்தில் பிறந்த கிருஷ்ணையர், ஆந்திர தேசத்திலிருந்து பொப்பிலி கேசவையா தஞ்சை அரண்மனைக்கு வந்து பாடிக் காட்டிய கன மார்க்கத்தை, கேட்டவர்கள் எல்லாம் மலைத்து நின்ற அந்தக் கடினமான பாணியை, விடாமுயற்சியால் சாதகம் செய்து தமதாக்கிக்கொண்டார். அதனாலேயே 'கனம்' என்னும் அடைமொழி அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது. பின்பு அவர் உடையார்பாளையம் ஜமீனில் ஆஸ்தான வித்துவானாக அமர்ந்து செய்த காரியம் இன்னும் பெரிது. வெளியூரிலிருந்து வந்த பாணியில் பயின்ற சாரீரத்தையும் மனோதர்மத்தையும் கொண்டு அவர் இயற்றியவை தமிழ்ப் பதங்கள். கேட்டதைக் கேட்டபடியே ஒப்பித்திருந்தால் அவர் பொப்பிலி கேசவையாவின் நிழலாக நின்றிருப்பார். ஜமீன் சபையில் உட்கார்ந்திருந்தவர்களின் பாஷையிலேயே அவர் பாடினார். சாமிநாதையரின் தந்தையார் போன்ற சீடர்கள் வழியே அந்தப் பதங்கள் அடுத்த தலைமுறைக்கு வந்து சேர்ந்தன.

ஜமீன் மாளிகைக்கு வெளியே, தெருவில், வேறொரு பரம்பரை இருந்தது. அதுவே தொகையிலும் பழமையிலும் பெரியது. கோயில் உட்பிராகாரத்தில் ஒலித்த பெரிய மேளத்தை விட்டுவிட்டு ஊர்த் திருவிழாவைக் கவனித்தால், இரண்டு நாகசுரம், இரண்டு தவில், பம்பை, தமுக்கு, தாளம் இவை சேர்ந்த நையாண்டி மேளம் கரகத்துக்கும் காவடிக்கும் முன்னே செல்லும். அதற்கும் முன்னே பறை ஒலிக்கும். பறையை ஒருவர் அடிக்கத் தயார் செய்யும் விதத்தைப் பக்கத்தில் நின்று பார்த்தவர்கள், அதைச் சுருதியற்ற முரட்டு வாத்தியம் என்று சொல்லத் துணியமாட்டார்கள். வேப்பமரச் சட்டத்தில் புளியங்கொட்டைப் பசையால் ஒட்டிய கன்றுத் தோலை, சருகையும் வைக்கோலையும் கொளுத்திய தீயின்மேல் காட்டி, விரலால் தட்டிப் பார்த்து, நாதம் போதாவிட்டால் மறுபடியும் காட்டி, கணீரென்று குரல் எழும்பியபின்தான் தோளில் மாட்டுவார்கள். வலது கையில் குட்டையான அடிக்குச்சி. இடது கையில் நீண்டு மெலிந்த மூங்கில் சிம்பு. அடிக்குச்சி தாளத்தின் எலும்பைக் கொடுக்க, சிம்பு அதன் இடைவெளிகளைச் சிறு ஒலிகளால் நிரப்புகிறது. நாலைந்து பேர் வட்டமாக நின்று ஒருவர் அடியை ஒருவர் வாங்கித் திருப்பும்போது உண்டாகும் கட்டுக்கோப்பு, எந்த ராக் குழுவின் டிரம்ஸ் வாத்தியக்காரரும் கைகட்டிக் கேட்கத்தக்கது. ஆனால் இந்த வித்தையைப் பிணத்துக்கு முன் அடிக்கும் ஊழியமாகக் குறுக்கி, அடிப்பவர்களைச் சேரிக்குள் நிறுத்திவைத்தது நம் சமூகம். இங்கே இசையின் வளர்ச்சியைப் பற்றிப் பேசுகிற எவரும் இந்த அநீதியை ஒதுக்கிவிட்டுப் பேச முடியாது.

பேண்டு வாத்தியத்தின் வருகையை அதனால்தான் நான் வெறும் மேல்நாட்டு மோகமாகக் கருதுவதில்லை. தஞ்சையில் இரண்டாம் சரபோஜி மன்னர் காலத்திலேயே மேல்நாட்டு வாத்தியங்கள் அரண்மனையில் ஒலித்தன; பட்டாளத்து இசையும் பாதிரிமார்களின் தேவாலய இசையும் பிற்காலத்தில் கிளாரினெட், டிரம்பெட், யூபோனியம், பெரிய டிரம் ஆகியவற்றைச் சிற்றூர்களுக்கும் கொண்டுவந்து சேர்த்தன. பறையடித்த குடும்பங்களைச் சேர்ந்த இளைஞர்கள் பல ஊர்களில் இந்தப் பேண்டு செட்டுகளில் சேர்ந்து, சரிகை பின்னிய சட்டையும் தொப்பியும் அணிந்து, கல்யாண ஊர்வலத்தின் முன்வரிசையில் நடந்தார்கள். மேல்சட்டை போடக்கூட அனுமதிக்காத தெருவில் சீருடையோடு நடப்பது ஒரு சமூக நிகழ்ச்சி. அந்தச் சீருடைக்குள் இருந்த கையோ பழைய பறையடியை மறக்கவில்லை. இன்றும் இந்தப் பக்கத்துப் பேண்டு செட் ஒன்று சினிமாப் பாட்டின் பல்லவியை முடித்துவிட்டு இடையில் தாளத்தை மட்டும் முழக்கும் கணத்தைக் கேளுங்கள். பட்டாளத்து அணிநடை அங்கே இல்லை. மாரியம்மன் கோயில் வாசலின் சாமி அடி அங்கே பக்கவாத்திய டிரம்மில் ஒலிக்கிறது.

அடுத்த தலைமுறை வானொலியோடு பிறந்தது. இலங்கை வானொலியைத் தமிழகத்துச் சிற்றூர்கள் ஆவலோடு கேட்டுவந்த காலத்தில், நித்தி கனகரத்தினம், ஏ. ஈ. மனோகரன் போன்றவர்கள் பைலா மெட்டுகளின் சாயலில் பாடிய ஈழத்துப் பொப் பாடல்கள் இங்கேயும் பரவின. கிட்டாரோடு பேச்சுத் தமிழில், சாமான்ய வாழ்க்கையைப் பற்றிப் பாடலாம் என்பதை நம் ஜனங்களுக்கு முதலில் காட்டியவர்கள் அவர்களே என்பது என் அபிப்பிராயம். இக்காலத்துக்குச் சற்று முன்பே பண்ணைப்புரத்துப் பாவலர் வரதராஜன் தம் சகோதரர்களோடு ஆர்மோனியத்தைத் தூக்கிக்கொண்டு கம்யூனிஸ்டுக் கட்சி மேடைகளில் பாடித் திரிந்தார். அந்தச் சகோதரர்களில் ஒருவர் சென்னைக்குச் சென்று தன்ராஜ் மாஸ்டரிடம் மேல்நாட்டுச் சங்கீதம் பயின்று, கிட்டார் வாசித்து, 1976-இல் 'அன்னக்கிளி' மூலம் இளையராஜாவாக வெளிப்பட்டார். கிராமத்து மெட்டையும், பேஸ் கிட்டாரின் தனி நடையையும், மேல்நாட்டு ஒத்திசைவையும் ஒரே பாட்டில் அவர் இணைத்த விதம், ஊர்த் திருவிழா மேடைகளின் இசையையே மாற்றி அமைத்தது.

மாற்றி அமைத்தது என்று சொல்லும்போதே ஒரு வருத்தமும் எனக்கு எழுகிறது. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் பெரம்பலூர், அரியலூர், ஜெயங்கொண்டம், செந்துறை வட்டாரங்களின் திருவிழாக்களில் விடிய விடிய நடந்த மெல்லிசைக் கச்சேரிகளின் உயர்ந்த லட்சியம், கேசட்டில் உள்ளபடியே வாசிப்பது. அதற்கு வேண்டிய உழைப்பு கொஞ்சமல்ல. சென்னை ஒலிப்பதிவுக் கூடத்தில் பெரும் வாத்தியக் கூட்டம் வாசித்ததை ஏழெட்டுப் பேர் மேடையில் எழுப்பவேண்டும். கீபோர்டு வந்தபின் வயலின், அகார்டியன், புல்லாங்குழல் எல்லாம் ஒரே மனிதரின் பத்து விரல்களுக்குள் வந்துவிட்டன. அந்தக் கீபோர்டுக்காரரின் இடது கையைக் கவனித்திருக்கிறேன். நாகசுரப் பகுதி வரும்போது அவர் சுரத்தை வளைக்கும் சிறு சக்கரத்தில் விரலை வைத்து, மெல்லத் தள்ளியும் விட்டும், கட்டையில் அகப்படாத கமகத்தை இயந்திரத்திடமிருந்து வரவழைத்தார். கண்களை மூடிக்கொண்டே அதைச் செய்தார். இவ்வளவு ஞானமுள்ளவர்கள் ஒரு சொந்தப் பாட்டைக்கூட மேடையில் வைக்கத் துணியாமல் போனதும், வைத்தால் கேட்கச் சபையோர் இடங்கொடாமல் போனதும் நமக்கு நேர்ந்த பெரிய நஷ்டம். பீட்டில்ஸ் நான்கு ஆண்டில் கடந்த தூரத்தை நம் மெல்லிசைக் குழுக்கள் நாற்பது ஆண்டிலும் கடக்கவில்லை. திறமைக் குறைவு அதற்குக் காரணமல்ல; சினிமா ஒன்றே பாட்டின் ஊற்று என்று பாடுபவரும் கேட்பவரும் நம்பியதே காரணம். பிற இடங்களில் அந்த நம்பிக்கையை உடைத்துப் பார்த்தவர்கள் உண்டு. கல்கத்தாவில் 1975-இல் தோன்றிய மொஹீனெர் கோராகுலி குழு, பாவுல் பாடகர்களின் மரபையும் கிட்டாரையும் சேர்த்து வங்காளத்திலேயே பாடிற்று. கேரளத்தின் அவியல் குழு மலையாளத்தில் ராக் இசைத் தொகுப்பே வெளியிட்டது.

தமிழில் அந்த உடைப்பு சினிமாவுக்கு வெளியே பலமாகக் கேட்டது 2018 ஜனவரி 6-ஆம் தேதி, சென்னைக் கீழ்ப்பாக்கத்தில். இயக்குநர் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவின் மெட்ராஸ் ரெக்கார்ட்ஸும் சேர்ந்து உருவாக்கி அன்று மேடையேற்றிய 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழுவில் 19 பேர்; கானாப் பாடகர்கள், ராப் பாடகர்கள், கிட்டார், டிரம்ஸ், அவற்றுக்குச் சரிசமமாகப் பறை. அயோத்திதாசப் பண்டிதர் வழங்கிய 'சாதி பேதமற்ற தமிழர்' என்னும் சொற்றொடரே அதன் பெயருக்கு மூலம். அதற்குமுன் பறையைப் பிணத்தெருவிலிருந்து மேடைக்குக் கொண்டுவர, மணிமாறனின் புத்தர் கலைக்குழு போன்றவை ஆண்டுக்கணக்காகப் பாடுபட்டிருந்தன. அந்த உழைப்பு இல்லாவிட்டால் கீழ்ப்பாக்கத்துக் கூட்டம் அத்தனை சுவாதீனமாகப் பறைக்கு ஆடியிருக்காது. ஊரின் தொழிலிலிருந்தே ஒரு குழுவின் நாதம் பிறப்பதும் உண்டு. இங்கிலாந்தின் ஆலை நகரமாகிய பர்மிங்காமில் டோனி அயோமி என்ற இளைஞர் தகட்டுப் பட்டறை இயந்திரத்தில் இரண்டு விரல்நுனிகளை இழந்து, தாமே செய்த உறைகளை மாட்டிக்கொண்டு, தந்திகளைத் தளர்த்திச் சுருதியைத் தாழ்த்தி வாசித்ததிலிருந்து பிளாக் சாபத் குழுவின் கனத்த நாதம் எழுந்தது. சுண்ணாம்புக்கல் சுரங்கங்களும், சிமெண்டு ஆலைகளும், இரவு பகலாக ஓடும் லாரிகளும் நிறைந்த அரியலூருக்கும் அப்படியொரு நாதம் உரியது என்று நான் திடமாக நம்புகிறேன். கல்லூரி விழாக்களில் கிட்டாரும் காஹோன் என்னும் பெட்டித் தாளவாத்தியமும் எடுத்து நிற்கும் இந்த மாவட்டத்து மாணவர்கள் இன்னும் பிறர் பாட்டையே பாடுகிறார்கள். அவர்கள் வீட்டுக்கு நாலு தெரு தள்ளி ஒப்பாரி பாடும் கிழவிகளும், சாமி அடி தெரிந்த கைகளும் இருக்கின்றன.

கடனைப் பற்றிச் சொல்லிவிட்டுக் கடன்பத்திரத்தைப் பற்றிச் சொல்லாமல் விடுவது முறையல்ல. லெட் செப்பலின் குழுவின் புகழ்பெற்ற பாட்டொன்றில் தம் பாட்டின் பகுதிகள் இருப்பதாக வில்லி டிக்ஸன் என்னும் கறுப்பினக் கவிஞர் வழக்குத் தொடுத்து, 1987-இல் சமரசம் ஏற்பட்ட பிறகே அவர் பெயர் அதில் இடம்பெற்றது. 2021-இல் 'எஞ்சாயி எஞ்சாமி' என்ற பாட்டு உலகெங்கும் பரவியபோது, அதை எழுதிப் பாடிய அறிவு என்னும் பாடகரின் முகம் ஒரு பத்திரிகை அட்டையில் இடம்பெறாமல் போனதும், அது குறித்து எழுந்த கண்டனமும் பலருக்கு நினைவிருக்கும். நம் ஊர்த் திருவிழா அழைப்பிதழ்களை எடுத்துப் பாருங்கள். நாகசுர வித்துவானின் பெயர் பட்டத்தோடு அச்சாகிறது. மெல்லிசைக் குழுவின் பாடகர், பாடகிகளுக்குப் படமே உண்டு. 'பறை மேளம்' என்ற ஒற்றை வரியின் கீழ் மட்டும் ஒரு மனிதரின் பெயரும் இருப்பதில்லை. வரும் ஆடி மாதத்திலேனும் விழாக் குழுவினர் அந்த நாலைந்து பெயர்களைக் கேட்டு வாங்கி, மற்றவர்களுக்கு இட்ட அதே எழுத்தளவில் அச்சிடவேண்டும்.